நாய்க்குட்டியின் கடிக்கும் வழக்கமும் அதைத் திருத்தும் முறையும்

நெற்களத்தையும் மாட்டுத் தொழுவத்தையும் இரவு முழுதும் காத்து நிற்கும் நாய், குடியானவனுக்குச் சம்பளம் இல்லாத ஒரு காவற்காரன் ஆகும். எருமைக்கும் உழவு மாட்டுக்கும் செலுத்தும் கவனத்தில் பத்தில் ஒரு பங்கையேனும் நாயின் வளர்ப்பில் செலுத்துவோர் மிகச் சிலரே. குட்டி வீட்டுக்கு வந்த முதல் மூன்று மாதங்களில் அது எவ்வாறு பழக்கப்படுகிறதோ அவ்வாறே அதன் ஆயுள் முழுவதும் அமைகிறது. அக்காலத்தில் செய்யும் தவறுகளுள் முக்கியமானது, குட்டி கையைக் கடிப்பதை விளையாட்டென்று விட்டுவிடுவது; மற்றொன்று, அதற்காகக் குட்டியை அடிப்பது. இவ்விரண்டும் ஒரே இடத்தில்தான் முடிகின்றன.

பொன்னேரி வட்டத்தைச் சேர்ந்த அத்திப்பட்டு, மீஞ்சூருக்கும் எண்ணூருக்கும் இடையே, கொசஸ்தலையாறு கடலை நாடும் தாழ்ந்த நிலப்பரப்பில் அமைந்த ஊர். 1994-ஆம் ஆண்டில் வடசென்னை அனல்மின் நிலையம் வேலை தொடங்கியது. 2001-ல் எண்ணூர்த் துறைமுகம் திறக்கப்பட்டது. அதன் பின்னர் இப்பக்கத்தில் லாரிகளின் போக்குவரத்து இரவு பகலின்றி நடந்துவருகிறது. வேலையின் பொருட்டு வெளியூர் மனிதரும் ஏராளமாய் வந்து தங்குகின்றனர். வயலும் தொழுவமும் வைத்திருப்போர் முன்னிலும் அதிகமாய்க் காவல் நாயை விரும்புவதற்கு இதுவே காரணம். ஆனால் ஊரில் புதிய முகங்கள் பெருகும்பொழுது, யாரைக் கண்டாலும் பல்லை வைக்கும் நாய் காவலாகாது. அது வழக்குக்கும் வைத்தியச் செலவுக்கும் வழியாகிவிடும். ஆகவே இவ்விஷயம் இப்பகுதியினருக்கு விசேஷமாய்க் கவனிக்கத் தக்கதாகும்.

குட்டி ஏன் கடிக்கிறது

நாய்க்குட்டிக்குக் கை இல்லை. குழந்தை கையால் தொட்டு அறிவதைக் குட்டி வாயால் கவ்வி அறிகிறது. பிறந்த மூன்றாம் வாரத்தில் பால்பற்கள் முளைக்கத் தொடங்கி, இரண்டு மாதத்திற்குள் 28 பற்களும் நிறைந்துவிடும். இப்பற்கள் ஊசிபோற் கூரியவை. தாடையிலோ வலு இல்லை. அதனால் குட்டி மெல்லக் கவ்வினாலும் வலி தெரியும். ஆனால் எலும்பு வரை காயம் உண்டாவதில்லை. எவ்வளவு அழுத்தினால் எதிரிக்கு வலிக்கும் என்று குட்டி கற்றுக்கொள்ள வேண்டிய பருவம் இதுவே. தாடை வலுவடைந்த பின் கற்பிக்கப் புகுந்தால், கற்பிப்பவரின் கையே பாடப்புத்தகமாகிவிடும்.

இப்பாடத்தின் முதற் பகுதியைத் தாயும் உடன்பிறந்த குட்டிகளுமே கற்பிக்கின்றன. இரண்டு குட்டிகள் கட்டிப் புரளும்பொழுது ஒன்று பலமாய்க் கடித்தால், மற்றது வீரிட்டுக் கத்திவிட்டு விளையாட்டை நிறுத்தி விலகிப் போகும். பால் குடிக்கும்பொழுது பல் பட்டால், தாய் எழுந்து போய்விடும். கடித்தால் விளையாட்டும் பாலும் நின்றுபோகும் என்பதைக் குட்டி இவ்வாறு நாள்தோறும் பலமுறை அனுபவத்தால் அறிகிறது.

கண் திறந்து நடமாடத் தொடங்கியதும், அதாவது 30 நாட்களுக்குள்ளேயே, குட்டியைத் தாயினின்று பிரித்துக் கொண்டுவருவது கிராமங்களில் பெருவழக்கமாயிருக்கிறது. இளங்குட்டியானால் எஜமானிடம் அதிகப் பற்று வைக்கும் என்பது இதற்குச் சொல்லும் நியாயம். இது சரியன்று. அவ்வாறு பிரிக்கப்பட்ட குட்டி மேற்கூறிய பாடத்தைக் கற்பதற்கு முன்பே பள்ளியை விட்டதாகும். எட்டு வாரம் நிறைந்த பின்னர் குட்டியை வாங்குவதே உத்தமம். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை முதலிய நம் நாட்டு ஜாதிகளாயினும், சாதாரண நாட்டு நாயாயினும் இவ்விதி ஒன்றே.

சாதுவாக்கினால் காவல் கெடுமா?

குட்டியைக் கடிக்காமல் பழக்கினால் பின்னர் அது திருடனையும் கடிக்காது என்னும் அச்சம் குடியானவர்களிடையே பரவியிருக்கிறது. அதனால் சிலர் குட்டியை வேண்டுமென்றே சீண்டியும், இருட்டறையில் கட்டியும், மிளகாய் கலந்த சோற்றை ஊட்டியும் 'ரோஷம்' ஏற்றப் பார்க்கின்றனர். இவை கொடுமையும் வீண்வேலையும் ஆகும். மிளகாயினால் வயிறு கெடுமேயன்றிக் காவல் புத்தி உண்டாகாது.

காவல் என்பது குரைத்தலாகும். அன்னியர் வரவை முதலில் அறிந்து, வீட்டாரை எழுப்பி, வந்தவனை எல்லையில் நிறுத்துவதே நல்ல நாயின் வேலை. இக்குணம் பிறவியில் உள்ளது. நாய் வயதுவந்து, ஏறக்குறைய ஒன்று அல்லது ஒன்றரை ஆண்டில், தானாகவே வெளிப்படும். இரண்டு மாதக் குட்டி கையைக் கடிப்பதற்கும் இதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. வீட்டாரையும் வந்துபோவோரையும் நன்கு அறிந்து பழகிய நாய்க்கே இன்னார் அன்னியர் என்று பகுத்தறிய முடியும். அச்சத்தில் வளர்ந்த நாய்க்கு எல்லாரும் அன்னியரே. அது திருடன் வரும்பொழுது ஒளிந்துகொண்டு, பால் கறக்க வரும் பையனைக் கடிக்கும்.

பழக்கும் முறை

அத்திப்பட்டில் ஐந்து காணி நிலமும், இரண்டு கறவை மாடும், சில வாத்துகளும் உடைய ஒரு குடியானவர் எட்டு வாரக் குட்டி ஒன்றைக் கொண்டுவந்ததாக வைத்துக்கொள்வோம். அவர் செய்யத்தக்கவை பின்வருமாறு:

முதலாவது, குட்டியோடு விளையாடும்பொழுது அது பல்லைப் பலமாய் அழுத்தினால், 'ஆ' என்று ஒருமுறை சற்று உரக்கச் சொல்லி, கையை அசையாமல் வைக்கவேண்டும். வெடுக்கென்று இழுக்கலாகாது, ஓடும் பொருளைத் துரத்துவது நாயின் இயல்பாகையால், இழுத்த கையை அது மறுபடியும் பாய்ந்து பிடிக்கும், தோலும் கிழியும். குட்டி வாயை விட்டதும் எழுந்து, அதற்கு எட்டாத இடத்திற்கு அரை நிமிஷம் சென்றுவிட வேண்டும். பின்னர் ஒன்றும் நடவாததுபோல் திரும்பி வந்து விளையாட்டைத் தொடரலாம். சில குட்டிகள் சத்தத்தைக் கேட்டால் அதிக வேகம் கொள்ளும். அவற்றின் விஷயத்தில் பேசாமல் விலகிப்போவதே போதும். விலகுதல்தான் தண்டனை, சத்தம் அதற்கு அறிவிப்பு மாத்திரமே.

இரண்டாவது, கடிக்கத் தகாததை நிறுத்துவதோடு நில்லாமல் கடிக்கத் தக்கதைக் கொடுக்கவேண்டும். பருமனான பழந்தாம்புக் கயிற்றுத் துண்டை முடிச்சிட்டுக் கொடுக்கலாம். நூல் பிரியத் தொடங்கியதும் அதை எறிந்துவிட வேண்டும். விழுங்கிய நூல் குடலில் சிக்கிக்கொள்ளும். வேகவைத்த எலும்பு சிம்பு சிம்பாய் உடைந்து தொண்டையையும் குடலையும் கிழிக்குமாதலால் அதைக் கொடுக்கலாகாது.

மூன்றாவது, மென்மையாய் நடந்துகொண்டால் அதற்குப் பலன் உடனே கிடைக்கவேண்டும். கையை நக்கினாலோ, கவ்வாமல் முகர்ந்தாலோ, முள் நீக்கிய வெந்த மீன் ஒரு சிறு துண்டோ, ஒரு விரற்கடைச் சோற்று உருண்டையோ அளித்து நல்வார்த்தை சொல்லவேண்டும். நடந்த கணத்திலேயே கொடுத்தால்தான் குட்டிக்கு விளங்கும். கால் நாழிகை சென்ற பின்னர்க் கொடுப்பதால் பயனில்லை.

நான்காவது, இவை எல்லாவற்றையும் படிப்படியாய்ச் செய்யவேண்டும். முதல் வாரத்தில் பலமான கடிக்கு மாத்திரம் விளையாட்டை நிறுத்துவது. அது குறைந்தபின் நடுத்தரமான கடிக்கும் நிறுத்துவது. கடைசியாகப் பல் தோலில் படுவதற்கே இடங்கொடாமல் இருப்பது. முதல் நாளிலேயே முழுவதும் தடுத்துவிட்டால், தன் தாடையின் வலுவை அளந்துகொள்ளும் சந்தர்ப்பம் குட்டிக்கு இல்லாமற்போகும். எந்த நாயும், கதவிடுக்கில் வால் நசுங்கினாலோ காயத்தில் கை பட்டாலோ, ஒரு சமயம் வாயைத் திறக்கக்கூடும். குட்டிப்பருவத்தில் அளவு கற்ற நாய் அப்பொழுதும் பல்லைத் தொட்டுவைத்து எடுத்துவிடும். கல்லாத நாய் சதையைப் பிடுங்கிவிடும். இவ்விரண்டிற்கும் உள்ள வித்தியாசமே இப்பயிற்சியின் முழுப்பயன்.

ஐந்தாவது, வீட்டிலுள்ளோர் யாவரும் ஒரே விதமாய் நடக்கவேண்டும். தகப்பனார் விலகிச் செல்ல, மகன் கையை வாயில் கொடுத்து இழுத்து விளையாடினால், குட்டி இரண்டையும் கற்று ஒன்றையும் நிலைநிறுத்தாது. வேட்டி நுனியையும் புடவைத் தலைப்பையும் பற்றி இழுக்கும் குட்டியின்முன் ஓடினால் அது விளையாட்டாகிவிடும், நின்றுவிட வேண்டும். சிறு குழந்தைகளுக்கு, ஓடாமலும் கூவாமலும் கைகளைக் கட்டி மரம்போல் நிற்கக் கற்பிக்கவேண்டும். குழந்தையையும் குட்டியையும் பெரியவர் ஒருவர் இல்லாமல் தனியே விடுவது கூடாது.

மேலும், குட்டி நாளொன்றுக்கு 16 மணி நேரத்திற்கு மேல் தூங்கவேண்டிய பிராணி. மாலையில் தறிகெட்டு ஓடிக் காண்பவரையெல்லாம் கடிக்கும் குட்டி, பெரும்பாலும் தூக்கம் போதாத குட்டியே. அதை நிழலான அமைதியிடத்தில் கோணி விரித்துப் படுக்கவிட்டால் சிறிது நேரத்தில் அடங்கிவிடும்.

தீனித்தட்டு, உடம்பு, தொழுவம்

உண்ணும்பொழுது தட்டைப் பிடுங்கிச் சோதிப்பது சிலருடைய வழக்கம். இதனால் தட்டருகில் வரும் கை பறிக்க வருகிறது என்றே குட்டி கற்கும். அருகே நடந்துபோகும்பொழுது தட்டில் இன்னும் ஒரு நல்ல துண்டைப் போட்டுச் செல்லவேண்டும். வரும் கை கொடுக்க வருகிறது என்று அப்பொழுது அது நம்பும். காது, பாதம், வாய் ஆகியவற்றை நாள்தோறும் சிறிது நேரம் தொட்டுப் பழக்கினால், உண்ணி எடுக்கவும் ஊசி போடவும் பின்னர்த் தொந்தரவிராது.

பிறந்த மூன்றாம் வாரம் முதல் ஏறக்குறைய 14-ஆம் வாரம் வரையில் குட்டியின் மனம் புதியவற்றை அச்சமின்றி ஏற்கும். இக்காலத்தில் தபால்காரர், பால்காரர், அறுவடை இயந்திரம், லாரிச் சத்தம், முண்டாசு கட்டியவர், தடியூன்றி நடப்பவர் ஆகிய எல்லாவற்றையும் தூரத்திலிருந்தே அமைதியாய்க் காட்டிப் பழக்கவேண்டும். தடுப்பூசிகள் முடியும் வரையில் தெருநாய்கள் திரியும் இடங்களில் குட்டியைக் கீழே விடாமல் கையில் ஏந்திச் செல்வது நலம்.

கன்றின் காலையும் வாத்தின் சிறகையும் கடிக்கும் குட்டியைச் சிறு கயிற்றில் பிடித்து, தினந்தோறும் தொழுவத்திலும் வாத்துக் கூட்டத்தின் அருகிலும் உட்காரவைத்து, அமைதியாயிருப்பின் தீனி கொடுத்து வரவேண்டும். ஒருமுறை வாத்தைத் துரத்திப் பிடித்த ருசி கண்ட நாயைத் திருத்துவது மிகக் கஷ்டம். துரத்தவே விடாமற் பார்ப்பது எளிது.

செய்யத் தகாதவை

கடிக்கும் குட்டியின் மூக்கில் அடிப்பது, வாயை இறுகப் பிடிப்பது, உதட்டைப் பல்லோடு சேர்த்து நசுக்குவது, தலைகீழாய்த் தூக்கி உலுக்குவது ஆகிய வழக்கங்கள் பலவிடங்களில் உள. வலியினால் குட்டி அந்நிமிஷம் அடங்குவது உண்மையே. ஆனால் அது கற்பது 'கடிக்கலாகாது' என்பதன்று. 'கை என்பது பயப்படத்தக்கது' என்பதே. பயந்த பிராணி ஒன்று ஓடும். ஓட வழியில்லாவிட்டால் கடிக்கும். நாள் முழுதும் சங்கிலியில் கட்டிய நாய்க்கு ஓட வழியில்லை என்பதை நினைவில் வைக்கவேண்டும்.

உறுமுவதற்காகவும் நாயை அடிக்கலாகாது. 'குரைக்கிற நாய் கடிக்காது' என்னும் பழமொழியை முழுதும் நம்ப முடியாதாயினும், அதில் ஓர் உண்மை அடங்கியிருக்கிறது: குரைப்பதும் உறுமுவதும் எச்சரிக்கை, எச்சரிக்கை கேட்கப்பட்டால் கடிக்கு அவசியம் நேராது. உறுமலுக்கு அடி வாங்கிய நாய் உறுமுவதை நிறுத்தும், கடிப்பதை நிறுத்தாது. முன்னறிவிப்பின்றிக் கடிக்கும் நாய்களுள் பல இவ்வாறு மனிதராலேயே உண்டாக்கப்பட்டவை.

பல் விழும் பருவம்

நான்காம் மாதத்தில் பால்பற்கள் விழத் தொடங்கி, ஏழாம் மாதத்திற்குள் 42 நிலையான பற்களும் முளைத்துவிடும். இப்பருவத்தில் ஈறு நமைச்சலால், அடங்கியிருந்த வழக்கம் மறுபடியும் தலைகாட்டக்கூடும். பயிற்சி வீணாயிற்றென்று மனந்தளர வேண்டியதில்லை. தடித்த துணியை முடிந்து, மண்பானைத் தண்ணீரில் நனைத்துக் குளிரக் கொடுத்தால் ஈறு இதமடையும். துணி கிழியாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். மேற்கூறிய முறைகளை விடாமல் நடத்திவந்தால் பற்கள் நிலைத்ததும் கடியும் நிற்கும். எட்டு மாதத்திற்கு மேலும் கடுமையாய்க் கடிக்கும் நாயைக் கால்நடை மருத்துவரிடம் காட்டவேண்டும். காதுவலியோ வேறு நோவோ காரணமாயிருத்தல் கூடும்.

குட்டியின் கடியும் கடியே

'பால்பல் குட்டி கடித்தால் விஷமில்லை' என்பது உயிரைக் கொள்ளைகொள்ளும் தவறான எண்ணமாகும். வெறிநோய்க் கிருமி நாயின் உமிழ்நீரில் உள்ளது. குட்டிக்கும் அந்நோய் வரும். உலக சுகாதார ஸ்தாபனத்தின் மதிப்பின்படி இந்நோயால் உலகில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 59,000 பேர் இறக்கின்றனர். நோய் தொற்றுவது பெரும்பாலும் நாய்களாலேயே. குறிகள் தோன்றிய பின்னர் பிழைத்தல் அரிதினும் அரிது. ஆனால் குறி தோன்றுமுன் சிகிச்சை செய்தால் இதைத் தடுத்துவிடலாம். 1885-ஆம் ஆண்டு ஜூலை 6-ல் பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாய் இச்சிகிச்சையைத் தொடங்கினார். நம் நாட்டின் தென்பகுதியில் இதன் பொருட்டே 1907-ல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் ஏற்பட்டது.

கடியோ பல் கீறலோ ஏற்பட்டால், புண்ணை ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிஷம் கழுவவேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, மஞ்சள், பச்சிலை ஆகிய எதையும் அப்பலாகாது. இறுக்கிக் கட்டவும் கூடாது. உடனே ஆரம்ப சுகாதார நிலையத்திற்கோ அரசாங்க ஆஸ்பத்திரிக்கோ செல்லவேண்டும். வயிற்றில் 14 ஊசிகள் போடுவர் என்று அஞ்சி ஒளிவோர் இன்னும் உளர். மிருகங்களின் நரம்புப் பொருளினின்று எடுத்த அப்பழைய மருந்தை இந்தியாவில் தயாரிப்பது 2004-ஆம் ஆண்டு முடிவிலேயே நிறுத்தப்பட்டது. அரசாங்க நிலையங்களில் சாதாரணமாய் முதல் நாளிலும், அதிலிருந்து 3, 7, 28-ஆம் நாட்களிலும் கையில் தோலினுள் சிறு ஊசி போடப்படுகிறது. இரத்தம் கசிந்த காயமாயின், புண்ணைச் சுற்றியும் வேறொரு மருந்து செலுத்தப்படும். கடித்த நாயைப் பத்து நாள் கவனிக்கச் சொல்வது வழக்கம். ஆனால் அதன் முடிவுக்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடலாகாது.

குட்டிக்கு மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பின்னர் மருத்துவர் கூறும் காலத்திலும் ஆண்டுதோறும் அதைப் புதுப்பிக்கவேண்டும். அடங்கியிருந்த குட்டி திடீரென்று குரல் மாறி, எச்சில் வடித்து, தீனி மறுத்து, தள்ளாடி நடந்தால், அது பழக்கத்தின் குற்றமன்று. அதைத் தொடாமல் தனியே அடைத்து மருத்துவருக்கு அறிவிக்கவேண்டும். வெறிநாய் கடித்த மாட்டிற்கும் இந்நோய் வரும். தொண்டையில் ஏதோ சிக்கியதுபோல் வாயைத் திறந்து எச்சில் ஒழுகக் கதறும் மாட்டின் வாயில் கைவிட்டுப் பார்ப்பது பேராபத்து.

கிராம அதிகாரிகள் கவனத்திற்கு

கடிக்கும் நாயைச் சரிவரக் கட்டுப்படுத்தாதவர் சட்டத்திற்கு உத்தரவாதியாவார். 2024-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளிலிருந்து அமலிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதையின் 291-ஆம் பிரிவின்படி, தம்மிடமுள்ள மிருகத்தால் மனித உயிருக்கு அபாயமோ பலத்த காயமோ நேராதபடி ஜாக்கிரதை எடுக்கத் தவறுவோருக்கு ஆறு மாதம் வரை காவலோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். இதற்கு அஞ்சி நாயை அடித்துத் துரத்துவதும், சாலையிலோ ரயிலடியிலோ கொண்டுபோய் விடுவதும் பரிகாரமல்ல. அவ்வாறு விடப்பட்ட நாய்தான் அடுத்த தெருவின் வெறிநாயாகக்கூடும். பட்டினி கிடக்க மிருகத்தைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

ஊராட்சித் தலைவர்களும் கிராம நிர்வாக அலுவலர்களும், ஆண்டுதோறும் செப்டம்பர் 28-ல் வரும் வெறிநோய்த் தடுப்பு நாளையொட்டி, கால்நடை மருத்துவரைக் கலந்து ஊர்ப் பொதுவிடத்தில் தடுப்பூசி முகாம் நடத்துவிக்கலாம். அன்று குட்டிகளோடு வருவோருக்கு இக்கட்டுரையில் கண்ட முறைகளை எடுத்துரைத்தால், கேட்பவர் கையிலேயே குட்டி இருக்குமாதலால் சொன்னது மனத்தில் நன்கு பதியும்.

முடிவாக, குட்டியைத் திருத்துவதற்குப் பணச்செலவு ஏதும் இல்லை. நாளொன்றுக்குச் சிறிது பொறுமையும், வீட்டார் அனைவரின் ஒற்றுமையும், அடிக்க ஓங்கிய கையை அடக்கிக்கொள்ளும் நிதானமுமே வேண்டுவன. இரண்டு மாதக் குட்டியிடம் இவற்றைக் காட்டிய குடியானவர், பத்து அல்லது பன்னிரண்டு ஆண்டுகள் தம் களத்தையும் தொழுவத்தையும் காக்கும் துணையைப் பெறுவார். அவருடைய பேரப்பிள்ளைகளும் அந்நாயின் அருகில் அச்சமின்றி விளையாடுவர்.